தங்கூசியும் தகரப் பேணியும்: ஒரு புல்வெட்டியின் வரலாறு

மாரி மழை ஓய்ந்த பின்னர் யாழ்ப்பாணத்து வளவுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இரண்டு வாரம் கவனியாமல் விட்டால் முற்றம் எது, பற்றை எது என்று பிரித்தறிய முடியாது. எமது வளவும் இதற்கு விலக்கல்ல. முன்னர் உழவாரத்துடன் வந்து, நாள் முழுவதும் குந்தியிருந்து புல் செருக்கித் தரும் பெரியவர் இப்போது உயிருடன் இல்லை. சில ஆண்டுகளாக, அயலிலுள்ள ஓர் இளைஞன் தோளிற் கொழுவிய இயந்திரத்துடன் வந்து இரண்டு மணித்தியாலத்தில் வேலையை முடித்துவிட்டுப் போகிறான்.

அண்மையில் ஒருநாள், பாதி வேலையில் அவனுடைய இயந்திரத்தின் சுருளிலிருந்த நைலோன் நாண் தீர்ந்துவிட்டது. கடைக்குப் போய்வர மனமில்லையோ, செலவை எண்ணினானோ அறியேன். பழைய சைக்கிள் ஒன்றின் பிரேக் கம்பியில் ஒரு துண்டை வெட்டி, நாண் இருந்த இடத்திற் செருகிக்கொண்டு மீண்டும் வெட்டத் தொடங்கினான். சில நிமிடங்களில் துப்பாக்கி வெடித்தாற்போல ஓர் ஓசை கேட்டது. போய்ப் பார்த்தால், பத்து யார் தொலைவிலிருந்த தகர வேலியில் சிறுவிரல் நுழையக்கூடிய ஒரு துளை. வேலிக்கு அப்பால் அயல் வீட்டாரின் கிணற்றடி. நல்ல வேளையாக அந்த நேரத்தில் அங்கே எவரும் குளித்துக்கொண்டிருக்கவில்லை.

"தம்பி, முதல்ல உதை நிப்பாட்டு" என்றேன்.

"ஒண்டுமில்லை ஐயா, கம்பித் துண்டொண்டு அறுந்து போச்சு. தங்கூசியெண்டால் சும்மா சும்மா தேய்ஞ்சு போகும். கம்பியெண்டால் நிண்டு பிடிக்கும்" என்றான் அவன்.

அவன் சொன்ன காரணத்திலேயே பிழை இருந்தது. தேய்ந்து போவதை அவன் அந்த நாணின் குறையாகக் கண்டான். உண்மையிலோ, தேய்வதும் அறுவதும்தான் அந்த நாணுக்கு விதிக்கப்பட்ட வேலை. அந்த இயந்திரத்தின் முழுக் கண்டுபிடிப்பும் அதிலேயே அடங்கியிருக்கிறது. கம்பியைக் கழற்றச் செய்து, பணம் கொடுத்துப் பட்டணத்திலிருந்து நாண் வாங்குவித்தேன். இருவரும் விறாந்தையில் இருந்து சுருளைப் புதிதாகச் சுற்றினோம். அப்போதுதான் அவன் கேட்டான்: "ஐயா, தங்கூசியால புல்லு வெட்டலாமெண்டு ஆர் முதன்முதல் கண்டுபிடிச்சது?"

அவனுக்குச் சுருக்கமாகச் சொன்னதை வாசகர்களுக்குச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

ஆலையிற் பிறந்த யோசனை

புல்லை வெட்ட மனிதன் நெடுங்காலமாகக் கையாண்ட கருவிகள் யாவும் கூரிய விளிம்பையே நம்பியிருந்தன. எமது அரிவாளும், ஐரோப்பியர் நின்றபடியே வீசி அறுக்கும் நெடும்பிடி அரிவாளும் அவ்வாறானவையே. நாவுக்கரசர் சுவாமிகளின் திருவுருவத்திலே நாம் காணும் உழவாரமும் அதே இனத்தைச் சேர்ந்ததுதான். கூர் மழுங்கினால் தீட்டவேண்டும். கல்லிற் பட்டால் முறியும். காலிற் பட்டால் காயம்.

இதில் முதற்பெரும் மாற்றத்தைச் செய்தவர் இங்கிலாந்தின் குளொஸ்டர்ஷயர் பகுதியைச் சேர்ந்த எட்வின் படிங் என்ற பொறியியலாளர். ஸ்ட்ரவுட் என்ற ஊரைச் சுற்றிக் கம்பளித் துணி ஆலைகள் நிறைந்திருந்த காலம் அது. நெய்த துணியின் மேற்பரப்பிலே துருத்தி நிற்கும் மயிர்களைச் சீராக வெட்டுவதற்கு, உருளையிற் பொருத்திய வளைந்த அலகுகளைக் கொண்ட பொறி ஒன்றை அந்த ஆலைகள் பயன்படுத்தின. துணியின் மயிரை வெட்டும் பொறி நிலத்தின் புல்லை ஏன் வெட்டக்கூடாது என்று எண்ணினார் படிங். 1830 ஓகஸ்டில் அவருடைய புல்வெட்டும் இயந்திரத்துக்குக் காப்புரிமை கிடைத்தது.

தள்ளிச் செல்லும் புல்வெட்டிகள் அதன் வழியில் வந்தவையே. பின்னர் பெற்றோல் எஞ்சின் வந்தது, மின்மோட்டார் வந்தது. ஆனால் ஒரு குறை மட்டும் நூற்றுநாற்பது ஆண்டுகளாகத் தீரவில்லை. சமதரையில் ஓடும் இயந்திரம் மரத்தடியையும் மதிலோரத்தையும் வேலிக்கால்களையும் நெருங்க முடியாது. நெருங்கினால் மரத்தின் பட்டை கிழியும், அல்லது அலகு முறியும். அந்த ஓரங்களை மனிதரே முழங்காலில் நின்று கத்திரியாலும் அரிவாளாலும் வெட்டவேண்டியிருந்தது.

நைலோன் வந்த வழி

அந்தக் குறையைத் தீர்க்கப்போகும் பொருள் தோட்டக்கலையோடு எவ்விதத் தொடர்பும் இல்லாத ஓரிடத்திற் பிறந்தது. அமெரிக்காவின் டெலாவெயர் மாநிலத்திலுள்ள டியூபொன்ட் நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில், வொலஸ் கரதர்ஸ் என்ற இரசாயனவியலாளரின் தலைமையில் இயங்கிய குழு, 1935 பெப்ரவரியில் நைலோனை முதன்முதலாக உருவாக்கியது. கடும் மனச்சோர்வினால் பல ஆண்டுகள் துன்புற்ற கரதர்ஸ், 1937 ஏப்ரலில் தமது 41ஆவது வயதில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். தமது கண்டுபிடிப்பு சந்தைக்கு வந்ததை அவர் காணவில்லை.

நைலோன் என்றதும் பெண்களின் காலுறையே பலருக்கு நினைவுக்கு வரும். அது அமெரிக்கா முழுவதிலும் விற்பனைக்கு வந்தது 1940 மே மாதத்தில். அதற்கு முன்னரே, 1938இல், நைலோன் மக்கள் கைக்கு வந்துவிட்டது: பல்துலக்கும் தூரிகையின் மயிராக! அதுவரை பன்றி மயிரினால் தூரிகை செய்தவர்கள் நைலோன் இழைக்கு மாறினர். தொடர்ந்து தூண்டில் நாணாகவும் அது வந்தது. உலகப் போரின்போது பரசூட் துணியாகவும் கயிறாகவும் போர்முனைக்குச் சென்றது.

எமது கடற்றொழிலாளர் ஒற்றை இழை நைலோனைத் தங்கூசி என்பர். இன்று இலங்கையில் தடைசெய்யப்பட்டுள்ள தங்கூசி வலையைப் பற்றிய செய்திகளைப் பத்திரிகைகளில் அடிக்கடி காண்கிறோம். புல்வெட்டியின் சுருளில் இருப்பதும் அதே குடும்பத்துப் பொருள்தான். பருமன் மட்டும் அதிகம். எனவே அதனைத் தங்கூசி என்று எமது இளைஞன் சொன்னது முற்றிலும் பொருத்தமே.

நடன ஆசிரியரும் கார் கழுவும் நிலையமும்

தங்கூசியைப் புல்லின்மேல் ஏவியவர் பொறியியலாளர் அல்லர். அவர் ஒரு நடனக்கூட உரிமையாளர். பெயர் ஜோர்ஜ் பல்லாஸ். கிரேக்கத்திலிருந்து குடியேறிய பெற்றோருக்கு 1925இல் லூசியானா மாநிலத்தின் ரஸ்டன் நகரிற் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரிலும் கொரியப் போரிலும் குண்டுவீச்சு விமானங்களிற் பணியாற்றியவர். பின்னர் டெக்ஸாஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரில் மிகப் பெரியதொரு நடனப் பயிற்சிக் கூடத்தை நடத்தினார். அவருடைய மகனும் பேரனும் நடனத்துறையிற் புகழ்பெற்றவர்கள். பேரன் மார்க் பல்லாஸை அமெரிக்கத் தொலைக்காட்சி நடனப் போட்டிகளின் இரசிகர்கள் நன்கறிவர்.

ஹூஸ்டனில் பல்லாஸின் வீட்டைச் சூழ விரிந்த புற்றரையும் பல ஓக் மரங்களும் இருந்தன. மரங்களின் வேர்கள் நிலத்துக்கு மேலே புடைத்துக் கிடந்தன. வேருக்கும் பட்டைக்கும் சேதமின்றி அவற்றிடையே வளரும் புல்லை அகற்றுவது எப்படி என்பதே அவருடைய தலையிடி.

1971இல் ஒருநாள், தானியங்கிக் கார் கழுவும் நிலையமொன்றில் காருக்குள்ளேயே இருந்தபடி, சுழலும் பெருந்தூரிகைகளை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். வேகமாகச் சுழலும்போது தூரிகையின் இழைகள் நேராக விறைத்து நிற்கின்றன. காரின் உடலைத் தொட்டதும் வளைந்து கொடுத்து, மூலைமுடுக்குகளுக்குள்ளும் புகுந்து அழுக்கை அகற்றுகின்றன. ஆனால் வர்ணப் பூச்சுக்குச் சேதமில்லை. ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் பார்த்த காட்சிதான். அதிலே தமது ஓக் மரங்களைக் கண்டவர் அவர் ஒருவரே.

வீட்டுக்கு வந்தவர் சோளப்பொரி அடைத்து வந்த தகரப் பேணி ஒன்றை எடுத்துத் துளைகள் இட்டார். துளைகளின் வழியே தடித்த மீன்பிடி நாண்களைக் கோத்தார். புற்றரையின் ஓரம் வெட்டும் ஒரு கருவியின் அலகைக் கழற்றிவிட்டு, அந்த இடத்திலே பேணியைப் பொருத்திச் சுழலவிட்டார். பெருஞ்சத்தத்துடன் புல் பறந்தது, மரப்பட்டை தப்பியது.

அதனைத் திருத்தி அமைத்துப் பல கருவி உற்பத்தி நிறுவனங்களிடம் கொண்டு சென்றார். எவரும் ஏற்கவில்லை. தூண்டில் நாணாற் புல் வெட்டுவதாவது என்பதே அவர்களுடைய எண்ணம். வேறு வழியின்றித் தாமே நிறுவனம் தொடங்கி, 'வீட் ஈட்டர்' என்று பெயரிட்டார். களை தின்னி என்பது அதன் பொருள். தொலைக்காட்சி விளம்பரங்கள் கைகொடுத்தன. 1972இல் ஐந்து இலட்சம் டொலரைத் தாண்டிய விற்பனை, 1977இல் ஏறத்தாழ எட்டுக் கோடி டொலராக உயர்ந்தது. அந்த ஆண்டிலேயே எமர்சன் எலெக்ட்ரிக் நிறுவனத்துக்கு அதனை விற்றுவிட்டார். 2011 ஜூனில், தமது 85ஆவது வயதில் பல்லாஸ் காலமானார்.

படிங்கையும் பல்லாஸையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஓர் ஒற்றுமை தெரியும். முன்னவர் துணி ஆலையிலும் பின்னவர் கார் கழுவும் நிலையத்திலும் விடையைக் கண்டெடுத்தார்கள். புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த விடை தென்படவில்லை.

கூரில்லாதது எப்படி வெட்டுகிறது?

கையிற் பிடித்தால் துவண்டு விழும் நாண், புல்லைத் துண்டிப்பது எப்படி? விடை வேகத்தில் இருக்கிறது. நாணின் நுனி நடுவிலிருந்து 20 சென்ரிமீற்றர் தொலைவிலிருந்து, நிமிடத்துக்கு 7,000 முறை சுழல்வதாகக் கொள்வோம். அந்த நுனி மணிக்கு 500 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்திற் பறக்கிறது. இரண்டு மில்லிமீற்றர் பருமனுள்ள நாணில், வெளியே நீட்டிய 15 சென்ரிமீற்றர்த் துண்டின் நிறை அரைக் கிராம் அளவுதான். ஆனால் அந்தச் சுழற்சியில், மூன்றரைக் கிலோ எடையைத் தொங்கவிட்டாற்போல அது வெளிநோக்கி இழுபட்டு விறைக்கிறது. புல் வளைந்து விலகுமுன்னரே அடி விழுந்துவிடுகிறது. கூரினால் அறுப்பதல்ல, சவுக்கினால் அடித்து முறிப்பது போன்றது அது. அவுஸ்திரேலியர் இந்தக் கருவிக்கு இட்ட 'விப்பர் ஸ்னிப்பர்' என்ற பெயரிலும் சவுக்கு ஒலிக்கிறது.

கல்லிலோ மதிலிலோ பட்டால் நாணின் நுனி நொருங்குகிறது. அலகு முறிவதற்குப் பதிலாகவும், மதில் பெயர்வதற்குப் பதிலாகவும், நாண் தன்னை இழக்கிறது. அந்த இழப்பை உடனுக்குடன் ஈடுசெய்வதற்காகத் தோன்றியதே சுருள்.

தொடக்கத்தில் இயந்திரத்தை நிறுத்தி, தேய்ந்த நாணைக் கையால் இழுத்து நீட்டவேண்டியிருந்தது. பின்னர் வந்தது தட்டி நீட்டும் முறை. சுழலும் தலையின் அடியிலுள்ள குமிழை நிலத்தில் மெல்லத் தட்டினால் உள்ளேயிருக்கும் சுருளின் பிடி ஒரு கணம் விலகுகிறது. வெளியே சுழலும் நாணின் இழுவிசையே சுருளைச் சற்றுத் திருப்பிப் புதிய நாணை வெளியே எடுத்துக்கொள்கிறது. அளவுக்கு மிஞ்சி நீண்டால் பாதுகாப்பு மறைப்பிலுள்ள சிறிய அலகு வெட்டிவிடுகிறது. நாண் குறுகியதும் தட்டாமலே நீட்டும் தலைகளும், தலையைத் திறக்காமல் வெளியிலிருந்தே நாணைச் செலுத்திச் சுற்றும் தலைகளும் அடுத்தடுத்து வந்தன. ஐம்பது ஆண்டுகளில் இந்தக் கருவியில் நடந்த முன்னேற்றத்தின் பெரும்பகுதி, தீர்ந்துபோகும் நாணை எவ்வாறு இலகுவாக நிரப்புவது என்பதைப் பற்றியதே.

விறாந்தையில் நாம் செய்த வேலை

எஞ்சினை நிறுத்தி, தவறுதலாக இயங்காதவாறு தீப்பொறிப் பிளக்கின் வயரைக் கழற்றிவிட்டோம். பற்றரியில் இயங்குவதாயின் பற்றரியைக் கழற்றவேண்டும். தலையின் இருபுறமும் உள்ள நாக்குகளை அழுத்தி மூடியை எடுத்தோம். உள்ளே இருக்கும் சுருள்வில் துள்ளி விழுந்தால் புல்லுக்குள் தேடித்தான் பிடிக்கவேண்டும். ஆதலால் விரலால் மறைத்தபடி கழற்றுவது நல்லது. படிந்திருந்த புற்சாற்றையும் மண்ணையும் துடைத்தோம்.

நாணின் பருமன் இயந்திரத்துக்குரியதாக இருக்கவேண்டும். சிறிய மின்கருவிகளுக்கு 1.6 மில்லிமீற்றர் அளவிலும், பெற்றோல் எஞ்சின்களுக்கு 2.4 மில்லிமீற்றர் அளவிலும் பெரும்பாலும் வரும். நாணை நடுவில் மடித்து, மடிப்பைச் சுருளின் பிளவிற் கொழுவி, சுருளிற் பொறித்த அம்புக்குறியின் திசையிலேயே இறுக்கமாகச் சுற்றவேண்டும். ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே ஏறாமல், நூற்கட்டையில் நூல் சுற்றுவதுபோல அருகருகே படியவேண்டும். எமது இளைஞனுடைய நாண் அடிக்கடி உள்ளே சிக்கியதற்குக் காரணம் இந்தக் குறுக்கேற்றமே. குறுக்கே கிடக்கும் நாண்கள் ஒன்றோடொன்று உராய்ந்து, சூட்டினால் உருகி ஒட்டிக்கொள்ளும். ஒட்டியபின் எவ்வளவு தட்டினாலும் வெளியே வராது. விளிம்புவரை நிரப்பாமல் சற்று இடம் விடுவதும் அவசியம். பின்னர் இரு முனைகளையும் துளைகளின் வழியே எடுத்து, மூடியை 'கிளிக்' என்று கேட்கும்வரை அழுத்தி, முனைகளை ஒருமுறை இழுத்துப் பார்த்தோம்.

பழைய நாண் வறண்டு முறிகிறதாயின் ஓரிரவு தண்ணீரில் ஊறவைத்தால் நெகிழ்ச்சி திரும்பும். நைலோன் நீரை உறிஞ்சும் இயல்புடையது.

கம்பி ஏன் கூடாது?

இனி எமது தகர வேலியின் துளைக்கு வருவோம். இரும்பு நைலோனைவிட ஏறத்தாழ ஏழு மடங்கு அடர்த்தியானது. அதே வேகத்திலே சுழலும் கம்பியைத் தலை பன்மடங்கு விசையுடன் தாங்கவேண்டும். நைலோன் நொருங்கினால் இலேசான துணுக்குகளாகச் சிதறும். கம்பி அறுந்தால் ஒரு சன்னமாகப் பாயும். இது வெறும் கற்பனை அச்சமல்ல. உலோகச் சங்கிலித் துண்டுகளால் ஆன மாற்றுத் தலைகள் ஒருகாலத்தில் ஐரோப்பியச் சந்தையில் விற்கப்பட்டன. பிரித்தானியாவில் நேர்ந்த ஓர் உயிரிழப்பைத் தொடர்ந்து, அவ்வகைத் தலைகளின் விற்பனையை ஐரோப்பிய ஒன்றியம் 2012இல் தடைசெய்தது. அந்தத் தடைக்குப் பின்னால் இருந்த ஆபத்துத்தான் எமது கிணற்றடியை நோக்கியும் பாய்ந்தது.

மென்மையான நாணும் முற்றிலும் தீங்கற்றதன்று. அது எறியும் சிறு கல் கண்ணைப் பறித்துவிடக்கூடும். ஆகவே கண்ணாடியும் நீளக் காற்சட்டையும் மூடிய பாதணியும் வேண்டும். முதிர்ந்த ஓக் மரத்தின் பட்டையைக் காக்கவெனப் பிறந்த நாண், இளங்கன்றின் மெல்லிய பட்டையைச் சுற்றிவர உரித்து அதனைக் கொன்றும்விடும். தேய்ந்து மறையும் நாண் எங்கும் போய்விடுவதில்லை. பிளாஸ்டிக் துகள்களாக எமது மண்ணிலேயே கிடக்கிறது. பெற்றோல் எஞ்சின்களின் புகையையும் இரைச்சலையும் பற்றிய விவாதமும் வலுத்திருக்கிறது. கலிபோர்னியா மாநிலம் 2021இல் இயற்றிய சட்டத்தின் வழியாக, 2024 முதல் உற்பத்தியாகும் இத்தகைய சிறு எஞ்சின் கருவிகளைப் புகையற்றவையாக்க முடிவு செய்தது.

எமது நாட்டிலும் களைகொல்லியா கருவியா என்ற கேள்வி எழுந்ததுண்டு. 2015இல் கிளைபோசேற் களைகொல்லி இலங்கையில் தடைசெய்யப்பட்டது. தேயிலை, இறப்பர்ச் செய்கைகளுக்கு 2018இல் அந்தத் தடை நீக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில், களையைக் கையாலோ கருவியாலோ அகற்றும் சுமை தோட்டத் தொழிலாளரின் தோளிலேயே விழுந்தது. நஞ்சு வேண்டாம் என்று சொல்வோர், அதற்குப் பதிலான கருவியைத் தூக்குபவரின் முதுகையும் கண்ணையும் செவியையும் பற்றிப் பேசவும் கடமைப்பட்டவர்கள்.

கதையை முடிக்கிறேன். புதிய நாணுடன் எமது இளைஞன் மிகுதிப் புல்லை வெட்டி முடித்தபோது பொழுது சாய்ந்திருந்தது. வேலியோரத்தில் ஒரு கல்லிற் பட்டு நாண் தேய்ந்ததும், குமிழை நிலத்தில் மெல்லத் தட்டி நீட்டிக்கொண்டான். புறப்படும்போது எஞ்சிய நாணைச் சுருட்டி இயந்திரத்தின் பிடியிற் கட்டிக்கொண்டே, "பட்டணத்துக்குப் போனால் இன்னொரு சுருள் வாங்கி வைக்கிறன் ஐயா" என்றான்.

தகர வேலியின் துளையை நான் இன்னும் அடைக்கவில்லை. அவன் அடுத்த முறை வரும்போதும் அது அவனுடைய கண்ணிற் படட்டும்.